செக் இன்ஜின் விளக்கு எரிந்ததும் ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றலாமா? காசு கொடுக்கும் முன் செய்ய வேண்டிய சோதனைகள்

போன மழைக்காலம் முடிந்த கையோடு நடந்தது இது. வண்டலூர் தாண்டி ஜிஎஸ்டி சாலையில் ஆபீஸுக்குப் போய்க்கொண்டிருந்தேன். எட்டு வருடப் பழைய பெட்ரோல் ஹேட்ச்பேக். திடீரென டேஷ்போர்டில் மஞ்சள் நிறத்தில் இன்ஜின் படம் எரிந்தது. வண்டி ஓடுவதில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. சத்தம் இல்லை, புகை இல்லை, இழுவையும் குறையவில்லை.

அன்று மாலையே ஒரு ஒர்க் ஷாப்பில் காட்டினேன். ஸ்கேனரைச் செருகினார்கள். பி0135 என்று ஒரு எண் வந்தது. "ஓ-டூ சென்சார் போயிடுச்சு சார், மாத்திடணும்" என்றார்கள். சென்சார், கூலி எல்லாம் சேர்த்து 5,200 ரூபாய். மாற்றியாயிற்று, விளக்கும் அணைந்தது. நான்காவது நாள் காலையில் அதே விளக்கு, அதே எண்.

இந்த முறை தாம்பரத்தில் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போனேன். அறுபது வயதுக்காரர். நடந்ததை எல்லாம் கேட்டுவிட்டு, "பழைய சென்சார் எங்க தம்பி?" என்றார்.

"டிக்கியிலதான் கிடக்குண்ணே."

எடுத்துக் கொடுத்தேன். மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் அதன் கனெக்டரில் வைத்துப் பார்த்தார். "ஆறு ஓம் காட்டுது. இது நல்லாத்தான் இருக்கு தம்பி. கரன்ட்டே வரலைன்னா பாவம் அது எப்படி சூடாகும்?" என்றார். பிறகு டார்ச்சை அடித்து இன்ஜின் பக்கம் ஓடும் வயர் கட்டைக் காட்டினார். எலி கடித்திருந்தது. மழைக்காலத்தில் அப்பார்ட்மென்ட் பார்க்கிங்கில் இன்ஜின் சூட்டுக்கு வந்து ஒண்டிய எலி. வயரை ஒட்டுப்போட்டு ஸ்லீவ் மாட்ட அவர் வாங்கியது 350 ரூபாய்.

அதாவது, நான் மாற்றிய 5,200 ரூபாய் சென்சார் கெட்டுப்போகவே இல்லை. இது எனக்கு மட்டும் நடப்பது அல்ல. ஆக்ஸிஜன் சென்சார் பெயர் சொல்லி ஒரு எண் வந்தாலே, சென்சாரை மாற்றிவிடுவது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. சில நேரம் அது சரி. பல நேரம் சென்சார் வேறொரு கோளாறைத்தான் சொல்லிக்கொண்டிருக்கும். எது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? உண்மையிலேயே கெட்டுப்போயிருந்தால் எப்படி மாற்றுவது? பெட்ரோல் மற்றும் சிஎன்ஜி கார் வைத்திருப்பவர்களுக்காக இந்த விளக்கம்.

ஆக்ஸிஜன் சென்சார் என்ன வேலை செய்கிறது?

பெட்ரோல் முழுமையாக எரிய வேண்டுமென்றால், எடைக் கணக்கில் 1 பங்கு பெட்ரோலுக்குச் சுமார் 14.7 பங்கு காற்று வேண்டும். இதைவிடக் காற்று அதிகமானால் 'லீன்', பெட்ரோல் அதிகமானால் 'ரிச்'. இன்ஜினுக்குள் எவ்வளவு பெட்ரோல் தெளிக்க வேண்டும் என்று முடிவெடுப்பது இசியூ எனப்படும் குட்டிக் கம்ப்யூட்டர். தன் கணக்கு சரியா தப்பா என்று அதற்கு யார் சொல்வது? சைலன்சர் குழாயில் உட்கார்ந்திருக்கும் ஆக்ஸிஜன் சென்சார்தான். சமையல் முடிந்ததும் ருசி பார்த்து "உப்பு கம்மி" என்று சொல்லும் ஆள் மாதிரி.

ஸ்பார்க் பிளக் போலத் தோற்றமளிக்கும் இந்த சென்சாரின் முனையில் ஜிர்கோனியா என்ற பீங்கான் இருக்கிறது. அதன் வெளிப்புறத்தில் இன்ஜின் புகை படும். உள்புறத்தில் சாதாரண வெளிக்காற்று இருக்கும். இரண்டு பக்கமும் உள்ள ஆக்ஸிஜன் அளவு வேறுபடும்போது ஒரு சிறிய மின்னழுத்தம் உண்டாகிறது. புகையில் ஆக்ஸிஜன் குறைவாக இருந்தால், அதாவது ரிச் கலவை என்றால், சுமார் 0.9 வோல்ட். ஆக்ஸிஜன் மிச்சம் இருந்தால், அதாவது லீன் என்றால், சுமார் 0.1 வோல்ட். இதைப் பார்த்து இசியூ பெட்ரோலைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருக்கும்.

இந்தப் பீங்கான் சும்மா வேலை செய்யாது. 300 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக வேண்டும். காலையில் வண்டியை எடுத்ததும் சீக்கிரம் சூடாக வேண்டும் என்பதற்காகவே, சென்சாருக்குள் ஒரு ஹீட்டர் வைத்திருக்கிறார்கள். என் காரில் வந்த பி0135 என்ற எண், அந்த ஹீட்டருக்கான மின்சுற்றில் கோளாறு என்றுதான் சொன்னது. சென்சாரே போய்விட்டது என்று அது சொல்லவில்லை.

இதற்கு 'லாம்டா சென்சார்' என்றும் பெயர் உண்டு. ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் உருவாக்கிய இந்த சென்சார், 1976-ல் அமெரிக்கச் சந்தைக்கான வால்வோ கார்களில் முதலில் வந்தது. இன்று பிஎஸ்-6 பெட்ரோல் பைக்குகளிலும் ஸ்கூட்டர்களிலும்கூட ஆக்ஸிஜன் சென்சார் இருக்கிறது.

ஒரு காரில் எத்தனை சென்சார்?

நம் ஊர் ஹேட்ச்பேக், செடான்களில் பொதுவாக இரண்டு. ஒன்று கேட்டலிடிக் கன்வெர்டருக்கு முன்னால், இன்ஜினை ஒட்டி இருக்கும். ஸ்கேனரில் இதை 'பேங்க் 1 சென்சார் 1' என்று காட்டும். பெட்ரோல் அளவை நிர்ணயிப்பது முக்கியமாக இதுதான்.

இன்னொன்று கன்வெர்டருக்குப் பின்னால் இருக்கும். அதன் பெயர் 'பேங்க் 1 சென்சார் 2'. கன்வெர்டர் ஒழுங்காகப் புகையைச் சுத்தம் செய்கிறதா என்று கண்காணிப்பது இதன் முதன்மை வேலை. வி6, வி8 போன்ற இன்ஜின்களில் சிலிண்டர்கள் இரண்டு வரிசையாக இருப்பதால் 'பேங்க் 2' என்று இன்னொரு ஜோடியும் வரும்.

எந்த சென்சாரைப் பற்றிய எண் என்று தெரியாமல் ஸ்பேனரைத் தொடக்கூடாது. முன்னால் இருப்பதற்குப் பதில் பின்னால் இருப்பதை மாற்றிவிட்டு, "மாற்றியும் சரியாகவில்லை" என்று புலம்புபவர்களும் உண்டு.

பழுதானால் எப்படித் தெரியும்?

மஞ்சள் நிற செக் இன்ஜின் விளக்கு எரிவது முதல் அறிகுறி. அதோடு மைலேஜ் குறையலாம். சைலன்சர் முனையில் கரி படியலாம். பெட்ரோல் வாடை அடிக்கலாம். சிக்னலில் நிற்கும்போது வண்டி உதறலாம்.

புகைப் பரிசோதனையிலும் மாட்டிக்கொள்ள வாய்ப்பு உண்டு. பிஎஸ்-4 மற்றும் அதற்குப் பிந்தைய பெட்ரோல் கார்கள் ஐடிலிங்கில் வெளியிடும் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. ரிச்சாக ஓடும் கார் இந்த எல்லையைச் சுலபமாகத் தாண்டிவிடும்.

ஆனால், ஹீட்டர் மட்டும் வேலை செய்யாவிட்டாலோ, பின்னால் இருக்கும் சென்சார் கெட்டாலோ, ஓட்டுபவருக்கு ஒன்றுமே தெரியாமல் போகலாம். விளக்கு மட்டும்தான் எரியும். "வண்டி நல்லாத்தானே ஓடுது" என்று பல மாதங்கள் அப்படியே விட்டுவிடுகிறோம். அங்கேதான் பெரிய செலவு காத்திருக்கிறது. தப்பான தகவலை நம்பி இசியூ தொடர்ந்து அதிக பெட்ரோலைத் தெளித்தால், எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வெர்டருக்குள் போய் எரியும். அளவுக்கு மீறிச் சூடாகி, உள்ளே இருக்கும் தேன்கூடு போன்ற பீங்கான் உருகிப் போகலாம். பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் போன்ற விலை உயர்ந்த உலோகங்கள் பூசப்பட்ட அந்தப் பாகத்தின் விலைக்கு முன்னால் சென்சார் விலை ஒன்றுமே இல்லை.

மைலேஜ் விஷயத்தில், அமெரிக்க அரசின் எரிபொருள் சிக்கன இணையதளம் ஒரு கணக்குச் சொல்கிறது. ஆக்ஸிஜன் சென்சார் பழுது போன்ற கடுமையான கோளாறைச் சரிசெய்தால் மைலேஜ் 40 சதவீதம் வரைகூட உயரலாம் என்கிறது. இது உச்ச அளவு. எல்லோருக்கும் அவ்வளவு கிடைக்காது. ஆனால், அலட்சியத்தின் விலை என்ன என்பதை இது காட்டுகிறது.

ஒரு முக்கியமான வித்தியாசம்: விளக்கு நிலையாக எரிந்தால் நிதானமாக ஓட்டிப்போய் ஒன்றிரண்டு நாட்களில் காட்டலாம். அதே விளக்கு விட்டு விட்டு மின்னினால், சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் வெளியேறுகிறது, கன்வெர்டர் ஆபத்தில் இருக்கிறது என்று அர்த்தம். வேகத்தைக் குறைத்து, பாதுகாப்பான இடத்தில் நிறுத்திவிடுவது நல்லது.

எண்கள் சொல்வது என்ன?

ஸ்டியரிங்குக்குக் கீழே, டேஷ்போர்டின் அடிப்பகுதியில் 16 ஊசி கொண்ட ஓபிடி போர்ட் இருக்கும். ஆயிரம் ரூபாய்க்குள்ளேயே கிடைக்கும் புளூடூத் ஸ்கேனரை அதில் செருகி, மொபைல் ஆப் மூலம் நீங்களே பார்க்கலாம். சில மலிவான கருவிகள் எல்லா கார்களோடும் பேசாது. வாங்கும் முன் உங்கள் மாடலுக்கு ஒத்துப்போகுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அடிக்கடி வரும் எண்களும் அவற்றின் பொருளும்:

பி0131: முன் சென்சார் வோல்ட்டேஜ் தொடர்ந்து குறைவாக இருக்கிறது.

பி0132: வோல்ட்டேஜ் தொடர்ந்து அதிகமாக இருக்கிறது.

பி0133: முன் சென்சார் மெதுவாகப் பதில் சொல்கிறது. வயதான சென்சாரில் பெரும்பாலும் இதுதான்.

பி0134: முன் சென்சாரிலிருந்து எந்த அசைவும் இல்லை.

பி0135: முன் சென்சாரின் ஹீட்டர் சுற்றில் கோளாறு.

பி0141: பின் சென்சாரின் ஹீட்டர் சுற்றில் கோளாறு.

பி0171: கலவை லீனாக இருக்கிறது.

பி0172: கலவை ரிச்சாக இருக்கிறது.

பி0420: கேட்டலிடிக் கன்வெர்டரின் திறன் குறைந்துவிட்டது.

கடைசி மூன்றையும் கவனியுங்கள். இவை சென்சார் சொல்லும் செய்தி. சென்சாரைப் பற்றிய செய்தி அல்ல. பி0171 வந்ததும் சென்சாரை மாற்றுவது, காய்ச்சல் இருக்கிறது என்று காட்டிய தெர்மாமீட்டரை மாற்றுவதற்குச் சமம்.

எண்ணை உடனே அழித்துவிடாதீர்கள். கோளாறு பதிவான நேரத்தில் வேகம், வெப்பநிலை, ஆர்பிஎம் எவ்வளவு என்பதையும் இசியூ சேமித்து வைத்திருக்கும். ஸ்கேனரில் அது 'ஃப்ரீஸ் ஃபிரேம்' என்று வரும். அழித்தால் அதுவும் போய்விடும். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கெட்டது சென்சார்தானா? ஐந்து சோதனைகள்

1. கண்ணால் பார்ப்பது. இன்ஜின் ஆறிய பிறகு டார்ச் அடித்து, சென்சாரிலிருந்து வரும் வயரைக் கடைசி வரை பாருங்கள். எலி கடித்திருக்கிறதா? சூடான குழாயில் பட்டு உருகியிருக்கிறதா? கனெக்டரைக் கழற்றினால் உள்ளே பச்சையாகப் பூத்திருக்கிறதா, தண்ணீர் இருக்கிறதா? வெள்ளத்தில் ஓடிய கார் என்றால் இதை விட்டுவிடவே கூடாது.

2. ஃபியூஸ். ஹீட்டருக்கு மின்சாரம் பெரும்பாலும் ஒரு ஃபியூஸ் வழியாகத்தான் வரும். எந்த ஃபியூஸ் என்பது ஓனர்ஸ் மேனுவலிலோ ஃபியூஸ் பெட்டியின் மூடியிலோ இருக்கும். முன், பின் இரண்டு சென்சார்களுக்கும் ஒரே நேரத்தில் ஹீட்டர் கோளாறு எண் வந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது ஃபியூஸைத்தான். இரண்டு சென்சார்கள் ஒரே நாளில் சாவது அபூர்வம்.

3. ஹீட்டரை அளப்பது. நான்கு வயர் சென்சாரில் ஒரே நிறத்தில் இருக்கும் இரண்டு வயர்கள் பொதுவாக ஹீட்டருடையவை. இன்ஜின் ஆறிய நிலையில், கனெக்டரைக் கழற்றி, சென்சார் பக்கத்து ஊசிகளில் மல்டிமீட்டரை வைத்து ஓம் அளவைப் பாருங்கள். பெரும்பாலான கார்களில் சில ஓம்களிலிருந்து 15 ஓம் வரை காட்டும். சரியான அளவு சர்வீஸ் மேனுவலில் இருக்கும். மீட்டர் எதையுமே காட்டவில்லை என்றால் உள்ளே ஹீட்டர் அறுந்துவிட்டது. சென்சாரை மாற்றத்தான் வேண்டும். ஓம் சரியாக இருந்தால், இன்ஜினை ஓடவிட்டு வயரிங் பக்கத்து கனெக்டரில் 12 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் கோளாறு வயரிலோ ஃபியூஸிலோ ரிலேயிலோ இருக்கிறது. என் காரில் நடந்தது இதுதான். இந்த ஒரு சோதனைக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது.

4. லைவ் டேட்டா. இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, ஆப்பில் 'பேங்க் 1 சென்சார் 1' வோல்ட்டேஜை வரைபடமாகப் பாருங்கள். பழைய வகை சென்சார் என்றால் கோடு 0.1-க்கும் 0.9-க்கும் இடையில் விறுவிறுவென ஏறி இறங்க வேண்டும். பத்து விநாடிக்குள் பல முறை 0.45-ஐக் கடக்க வேண்டும். பின் சென்சாரின் கோடு பெரிதாக ஆடாமல் ஓரளவு நிலையாக இருப்பது நல்லது. பின்னால் இருப்பதும் முன்னால் இருப்பது போலவே துள்ளினால், கன்வெர்டர் வேலை செய்யவில்லை என்று சந்தேகப்படலாம்.

முன் சென்சாரின் கோடு நடுவில் படுத்தே கிடக்கிறதா? உடனே முடிவுகட்ட வேண்டாம். ஆக்ஸிலரேட்டரை ஒரு முறை வேகமாக அழுத்தி விடுங்கள். அழுத்தும்போது கலவை ரிச்சாகும், கோடு 0.8-க்கு மேல் ஏற வேண்டும். காலை எடுத்ததும் பெட்ரோல் தெளிப்பு சற்று நேரம் நின்றுவிடும், கோடு 0.1 பக்கம் விழ வேண்டும். இப்படி ஏறி இறங்கினால் சென்சாருக்கு உயிர் இருக்கிறது, கோளாறை வேறு இடத்தில் தேட வேண்டும். எதற்குமே அசையவில்லை என்றால் அல்லது சோம்பேறித்தனமாக அசைந்தால் சென்சார் மீது சந்தேகம் வலுக்கிறது.

ஒரு எச்சரிக்கை. பல புதிய கார்களில் முன்னால் இருப்பது 'வைட்பேண்ட்' அல்லது ஏர்-ஃபியூயல் ரேஷியோ சென்சார். அது இப்படித் துள்ளாது. கலவை சரியாக இருந்தால் கோடு ஏறக்குறைய நேராகத்தான் இருக்கும். அதைப் பார்த்து "செத்துப்போச்சு" என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். உங்கள் காரில் எந்த வகை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

5. ஃபியூயல் டிரிம். இசியூ தன் அடிப்படைக் கணக்கைவிட எவ்வளவு பெட்ரோலைக் கூட்டுகிறது, குறைக்கிறது என்ற சதவீதம் இது. ஷார்ட் டெர்ம், லாங் டெர்ம் என்று இரண்டு எண்கள் வரும். இரண்டும் சேர்ந்து பிளஸ் 10-க்கும் மைனஸ் 10-க்கும் நடுவில் இருந்தால் பொதுவாகப் பரவாயில்லை. பிளஸ் 20, 25 என்று போனால், இசியூ லீன் கலவையை ஈடுகட்டப் போராடுகிறது என்று அர்த்தம். எங்கேயோ வேக்குவம் குழாய் விரிசல் விட்டிருக்கலாம். ஃபியூயல் பம்ப் பலவீனமாக இருக்கலாம். காற்றை அளக்கும் சென்சார் அழுக்காகியிருக்கலாம்.

இதில் இரண்டு விஷயங்கள் அனுபவசாலிகளையே ஏமாற்றும். சென்சாருக்கு முன்னால் சைலன்சர் குழாயில் சின்ன ஓட்டை இருந்தால், வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். சென்சார் அந்த ஆக்ஸிஜனைப் பார்த்து "லீன்" என்று சொல்லும். அதேபோல, ஸ்பார்க் பிளக்கோ காயிலோ கெட்டு ஒரு சிலிண்டர் எரியாமல் போனால், பெட்ரோல் வீணாக வெளியேறினாலும் பயன்படாத ஆக்ஸிஜனும் கூடவே வரும். சென்சார் பார்ப்பது ஆக்ஸிஜனை மட்டும்தான். அதனால் அப்போதும் "லீன்" என்றே சொல்லும். இரண்டிலும் சென்சார் உண்மையைத்தான் சொல்கிறது. புதுசு மாட்டினாலும் அதுவும் அதையே சொல்லும்.

சென்சார் ஏன் சாகிறது?

ஹீட்டர் உள்ள சென்சார்கள் சுமார் 1,60,000 கிலோமீட்டர் வரை உழைக்கக்கூடியவை. அதற்கு முன்பே செத்தால் ஒரு காரணம் இருக்கும். கழற்றிய சென்சாரின் முனையைப் பார்த்தால் ஓரளவு புரியும். கறுப்புக் கரி என்றால் கலவை நீண்ட நாளாக ரிச்சாக இருந்திருக்கிறது. எண்ணெய்ப் பிசுக்கோடு பழுப்புப் படிவு என்றால் இன்ஜின் ஆயில் எரிகிறது. வெள்ளைப் பொடி என்றால் இன்ஜின் கூலன்ட் கசிந்து எரிகிறது அல்லது சிலிகோன் கலந்திருக்கிறது. இன்ஜின் வேலையின்போது தாராளமாகப் பூசும் சாதாரண சிலிகோன் சீலன்ட்கூட சென்சாருக்கு விஷம். சென்சாருக்குப் பாதிப்பில்லாத சீலன்ட் தனியாகக் கிடைக்கிறது.

பெட்ரோலில் கலந்த ஈயமும் இதைக் கொன்றுவிடும். இந்தியா முழுவதும் 2000-ஆம் ஆண்டிலிருந்து ஈயமில்லாத பெட்ரோல்தான் என்பதால் இன்று அந்தக் கவலை இல்லை.

காரணத்தை விட்டுவிட்டு சென்சாரை மட்டும் மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பெரிய உதாரணம் உண்டு. 2007 பிப்ரவரி கடைசியில் இங்கிலாந்தின் தென்கிழக்குப் பகுதியில் ஆயிரக்கணக்கான கார்கள் திடீரெனத் திணறத் தொடங்கின. உதறல், இழுவைக் குறைவு, எரியும் எச்சரிக்கை விளக்கு. சென்சார்களுக்கு ஒர்க் ஷாப்களில் தட்டுப்பாடே வந்தது. பரிசோதித்துப் பார்த்தபோது, குறிப்பிட்ட சில பங்க்குகளில் விற்ற பெட்ரோலில் சிலிக்கான் கலந்திருந்தது தெரியவந்தது. அங்கே சென்சார் உண்மையிலேயே கெட்டிருந்தது. ஆனாலும், டேங்கில் இருந்த கலப்பட பெட்ரோலை வெளியேற்றாமல் புது சென்சார் மாட்டினால் அதுவும் சாகத்தான் செய்யும்.

இ20 பெட்ரோல் சென்சாரைக் கெடுக்கிறதா?

இப்போது பலரும் கேட்கும் கேள்வி. எத்தனாலிலேயே ஆக்ஸிஜன் இருக்கிறது. அதனால் இ20-க்குத் தேவையான காற்று விகிதம் 14.7-லிருந்து சுமார் 13.5-ஆகக் குறைகிறது. சென்சார் இதைக் கவனித்துச் சொல்ல, இசியூ கொஞ்சம் கூடுதலாக எரிபொருள் தெளிக்கிறது. ஃபியூயல் டிரிம் சில சதவீதம் பிளஸ் பக்கம் நகர்ந்திருந்தால், இதுவே காரணமாக இருக்கலாம். லிட்டருக்கு லிட்டர் பார்த்தால், எத்தனாலின் எரிசக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. எனவே மைலேஜ் லேசாகக் குறைந்த ஒரே காரணத்துக்காக சென்சாரைக் குற்றம் சொல்ல வேண்டாம்.

மாற்றுவது எப்படி?

சோதனைகள் எல்லாம் சென்சாரைத்தான் கைகாட்டுகின்றன என்றால் மாற்றிவிடலாம். கார் வாரன்டியில் இருந்தால் நீங்கள் கை வைக்காதீர்கள், சர்வீஸ் சென்டரிலேயே கேளுங்கள். மற்றவர்கள், கொஞ்சம் கைப்பழக்கம் இருந்தால், வீட்டிலேயே செய்யலாம்.

சரியான பாகம். பழைய சென்சாரின் பார்ட் நம்பரைப் பார்த்து அதற்கு இணையானதை வாங்குங்கள். முன், பின் சென்சார்கள் பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. வயரை வெட்டி ஒட்டுப்போட வேண்டிய 'யுனிவர்சல்' வகையைவிட, கனெக்டரோடு வரும் வகையே நல்லது. பல சென்சார்களுக்கு உள்ளே போக வேண்டிய வெளிக்காற்று அந்த வயரின் இழைகளுக்கு நடுவே செல்கிறது. அதனால் சென்சார் பக்கத்து வயரை ஈயப்பற்று வைத்து அடைக்கவும் கூடாது, கனெக்டரில் கிரீஸ் பூசவும் கூடாது. எலி கடித்தது கார் பக்கத்து வயர் என்றால் பற்றவைக்கலாம்.

தயார்நிலை. பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். வண்டிக்கு அடியில் போக வேண்டியிருந்தால் ஜாக்கியை மட்டும் நம்பாதீர்கள், ஸ்டாண்டு கட்டாயம். சென்சாரின் அடிப்பகுதியில் துரு விலக்கும் ஸ்பிரேயை அடித்து, ஊற விடுங்கள். குழாய் லேசாக வெதுவெதுப்பாக இருந்தால் மரை சுலபமாக விடும். ஆனால் இப்போதுதான் ஓடி வந்த வண்டியில் கை வைத்தால் தோல் உரிந்துவிடும்.

கழற்றுவது. வயர் போகும் வழியை மொபைலில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கனெக்டரின் பூட்டை அழுத்திக் கழற்றுங்கள். பெரும்பாலான சென்சார்களுக்கு 22 மில்லிமீட்டர் ஸ்பேனர் பொருந்தும். வயர் நுழைய ஒரு பக்கம் பிளவு விட்ட சாக்கெட் தனியாகவே கிடைக்கிறது. இடஞ்சுழியாகத் திருப்புங்கள். இறுகியிருந்தால் கொஞ்சம் முன்னும் பின்னுமாக அசைத்து அசைத்து எடுங்கள். முரட்டுத்தனமாக முறுக்கினால் குழாயின் மரையும் சேர்ந்து வந்துவிடும். பிறகு செலவு இரட்டிப்பாகும். அசையவே இல்லை என்றால் அங்கேயே நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுவது புத்திசாலித்தனம்.

மாட்டுவது. புது சென்சாரின் முனையைக் கையால் தொடாதீர்கள். கீழே விழுந்த சென்சாரை மாட்டாதீர்கள், உள்ளே பீங்கான் விரிசல் விட்டிருக்கும். மரையில் ஏற்கெனவே ஒரு பசை பூசியிருப்பார்கள். துரு பிடித்து இறுகாமல் இருக்கத்தான் அது, துடைத்துவிடாதீர்கள். முதலில் கையாலேயே சுற்றி ஏற்றுங்கள், பிறகு ஸ்பேனர். பெரும்பாலான சென்சார்களுக்கு இறுக்கும் அளவு 35 முதல் 50 நியூட்டன் மீட்டர். உங்கள் காருக்கான துல்லிய அளவை மேனுவலில் பாருங்கள். சென்சாரை இறுக்கிய பிறகுதான் கனெக்டரை மாட்ட வேண்டும். முதலிலேயே மாட்டினால் வயர் முறுக்கிக்கொள்ளும். வயர் சூடான குழாயில் படாதபடி பழைய வழியிலேயே கிளிப்பில் பொருத்துங்கள்.

முடித்த பிறகு. எண்ணை அழித்து, லைவ் டேட்டாவை மறுபடி பாருங்கள். கோடு துள்ள ஆரம்பித்திருக்க வேண்டும். ஃபியூயல் டிரிம் சில நாள் ஓட்டத்தில் சீராகும். இசியூ தன் சுயபரிசோதனைகளை முடிக்கச் சில பயணங்கள் எடுத்துக்கொள்ளும். அதனால் புகைப் பரிசோதனைக்கு மறுநாளே ஓட வேண்டாம், நாலைந்து நாள் ஓட்டிவிட்டுப் போங்கள்.

செய்யக்கூடாதவை

கெட்ட சென்சாரை பெட்ரோலில் ஊறவைத்துத் தேய்த்து மாட்டுவது சிலர் செய்யும் வேலை. உள்ளே ஊடுருவிய விஷம் அதில் போகாது. பின் சென்சாரை ஏமாற்ற ஸ்பேசர் வைப்பது, போலி சிக்னல் கருவி பொருத்துவது, விளக்கின் இணைப்பையே துண்டிப்பது எல்லாம் விளக்கை அணைக்குமே தவிர, கோளாறையும் புகையையும் குறைக்காது. அடுத்து வரப்போகும் உண்மையான எச்சரிக்கையும் உங்களுக்குத் தெரியாமல் போய்விடும்.

ஒர்க் ஷாப்பில் கேட்க வேண்டியவை

நீங்களே ஸ்பேனர் பிடிக்காவிட்டாலும் பரவாயில்லை. "சென்சார் மாத்தணும்" என்று சொன்னால் நான்கு கேள்விகள் கேளுங்கள். என்ன எண் வந்தது? எந்த சென்சார், முன்னா பின்னா? வயர், ஃபியூஸ், ஹீட்டர் ஓம் பார்த்தீர்களா? மாற்றினால் பழைய சென்சாரைக் கையில் கொடுப்பீர்களா? மூன்றாவது கேள்விக்குத் தெளிவான பதில் சொல்பவரிடம் தைரியமாக வண்டியை விடலாம்.

அந்தக் கடைசிக் கேள்வியால்தான் என் கதையில் உண்மை வெளியே வந்தது. பழசை வாங்கி வைக்காமல் போயிருந்தால், புது சென்சாரும் மட்டம் என்று சொல்லி மூன்றாவது ஒன்றை மாட்டியிருப்பார்கள். தாம்பரத்து அண்ணன் அதைத் துணியில் சுற்றிக் கொடுத்து, "பத்திரமா வை தம்பி, இன்னும் பல வருஷம் ஓடும்" என்றார். டிக்கியில் ஸ்பேராக இருக்கிறது. பார்க்கிங்கில் வண்டியை நிறுத்தியதும் பானெட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பார்ப்பது மட்டும் வாரத்துக்கு ஒரு முறை தவறாத வேலையாகிவிட்டது.